பட்டியலில் ஒளிந்திருந்த இடைவெளி: ஒரு ஜிப் கோப்பின் பரிசோதனைக் குறிப்பு

கோப்பின் அளவு 51,910 பைட். ஒரு கைப்பேசிப் புகைப்படத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதைத் திறக்க எங்களுக்கு ஏழரை மணி நேரம் ஆனது. அதில் முதல் ஐந்து மணி நேரத்தை நான் வீணாக்கினேன். ஏன் வீணானது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கமாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் கோப்பைத் திறக்கத் தேவையான எல்லாத் தடயமும் முதல் நிமிடத்திலேயே எங்கள் கண்முன் இருந்தது.

இருபத்து நான்கு மணி நேரக் கொடி பிடிக்கும் போட்டி அது. சிடிஎஃப் என்று சொல்வோமே, அந்த வகை: புதிருக்குள் ஒளித்துவைத்த ஒரு ரகசிய எழுத்துக் கோவையை, அதாவது 'கொடி'யை, கண்டுபிடித்துச் சமர்ப்பிக்க வேண்டும். தடயவியல் பிரிவில் வந்த ஒரு புதிரின் கதை இது: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியருக்கு மின்னஞ்சலில் ஒரு ஜிப் கோப்பு வந்திருக்கிறது. கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது. அதைத் திறந்த சில நிமிடங்களில் அவருடைய கணினி எங்கோ வெளியே தொடர்புகொள்ளத் தொடங்கியிருக்கிறது. கோப்பு எங்கள் கையில், கடவுச்சொல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி இயங்கியது என்று கண்டுபிடித்துக் கொடியை எடுக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கதை என்று ஒதுக்க முடியாது. பூட்டிய ஜிப்பை மின்னஞ்சல் வடிகட்டிகளால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைத் தீங்குநிரல் அனுப்புகிறவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். 2020இல் எமோடெட் என்ற தீங்குநிரலைப் பரப்பிய கும்பல் இதையே செய்தது: இணைப்பில் பூட்டிய ஜிப், கடிதத்தின் உடலில் கடவுச்சொல். வடிகட்டிக்குக் கோப்பு ஊமை, பெறுகிறவருக்கு மட்டும் சாவி.

வழக்கமான முன்னேற்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) ஒன்றில் லினக்ஸ், வலை இணைப்பு துண்டிக்கப்பட்டது, தொடங்கும் முன் ஒரு ஸ்நாப்ஷாட், அதாவது பிறகு திரும்பிவர அப்போதைய நிலையின் பதிவு. கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் குறித்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் ஒரு நகலில் மட்டுமே வேலை. போட்டிதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. கை பழகுவது இங்கேதான்.

வீணான ஐந்து மணி நேரம்

காலை பத்து மணிக்குக் கோப்பு வந்தது. பூட்டு என்றதும் என் கை நேராகக் கடவுச்சொல் உடைக்கும் கருவிக்குப் போனது. ராக்யூ பட்டியலை ஓடவிட்டேன். 2009இல் ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களிலிருந்து உருவான பட்டியல் அது; ஒரு கோடியே 43 லட்சம் சொற்கள். பழைய ஜிப் பூட்டைச் சோதிப்பது கணினிக்கு இலகுவான வேலை என்பதால் சில நிமிடங்களில் பட்டியல் முடிந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு விதிகள்: முதல் எழுத்தைப் பெரிதாக்கு, பின்னால் ஆண்டைச் சேர், எழுத்துக்குப் பதில் எண்ணைப் போடு. மணிக்கணக்கில் ஓடியது. நான் மற்றப் புதிர்களைப் பார்த்துக்கொண்டே, ஓடுகிறது, கிடைத்துவிடும் என்று அதை அப்படியே விட்டுவைத்தேன்.

மூன்று மணிக்கு, அணியில் இருந்த இரண்டாமாண்டு மாணவி என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்த ஜிப்புக்குள் இருக்கும் முதல் கோப்பு பூட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?"

"திறக்கும்போது கடவுச்சொல் கேட்கிறதே."

"கேட்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது அக்கா."

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜிப்புக்குள் இருக்கும் கோப்புகளின் பட்டியலைக் கையால் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கம்தான் இந்தப் புதிரைத் திறந்தது.

ஜிப் தன்னைப் பற்றி இரண்டு முறை சொல்கிறது

ஜிப் வடிவம் 1989இல் ஃபில் கட்ஸ் என்பவர் உருவாக்கியது. அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இன்றும் ஒவ்வொரு ஜிப்பின் தொடக்கத்திலும் இருக்கின்றன: முதல் நான்கு பைட்டுகள் பதின்ம எண்ணில் 80, 75, 3, 4. இதில் 80ம் 75ம் ஆங்கிலத்தின் பி, கே.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 30 பைட்டில் ஒரு சிறு ஹெட்டர், அதாவது அந்தக் கோப்பைப் பற்றிய தலைக்குறிப்பு, வரும். அதற்கடுத்துப் பெயர், பிறகு தரவு. எல்லாக் கோப்புகளும் முடிந்த பிறகு, கடைசியில், அவற்றின் விவரங்கள் மறுபடி ஒருமுறை ஒரே இடத்தில் எழுதப்படும். அதுதான் மையப் பட்டியல். அங்கே ஒரு கோப்புக்கு 46 பைட், கூடவே பெயர். அதற்கும் பின்னால் 22 பைட்டில் ஒரு முடிவுக் குறிப்பு, "மையப் பட்டியல் இன்ன இடத்தில் தொடங்குகிறது" என்று சொல்லும். கருவிகள் கோப்பைப் பின்னாலிருந்துதான் படிக்கத் தொடங்குகின்றன. ஃபிளாப்பி காலத்தில் ஜிப் பல வட்டுகளில் பரந்து கிடக்கும். கடைசி வட்டில் பட்டியல் இருந்தால் போதும், எந்தக் கோப்பு எந்த வட்டில் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு அது நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரே செய்தி இரண்டு இடத்தில் எழுதப்பட்டால் இரண்டும் வேறுபட வாய்ப்பு வந்துவிடுகிறது. வேறுபட்டால் எதை நம்புவது? ஒரு நிரல் ஒன்றை நம்பும், இன்னொரு நிரல் மற்றதை நம்பும். 2013 ஜூலையில் புளூபாக்ஸ் நிறுவனம் அறிவித்த ஆண்ட்ராய்டு 'மாஸ்டர் கீ' ஓட்டையும் இந்த இனம்தான். ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பும் அடிப்படையில் ஒரு ஜிப். அதற்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைத்தால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி ஒன்றைப் பார்த்துச் சரி என்றது. நிறுவும் பகுதி மற்றொன்றை எடுத்து நிறுவியது. நிரல் இரண்டும் தம்மளவில் ஒழுங்காகவே வேலை செய்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாட்டில்தான் திருடன் நுழைந்தான்.

அவளுடைய நோட்டுக்கு வருகிறேன். ஆறு கோப்புகள். பெயர்கள் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். முதலில் ரீட்மீ.டிஎக்ஸ்டி, 143 பைட். அடுத்தது லோகோ.பிஎன்ஜி, 48,211 பைட். பிறகு ஏ, பி, சி என்று மூன்று உரைக் கோப்புகள், ஒவ்வொன்றும் வெறும் 4 பைட். கடைசியாக ஸ்டேட்மென்ட்.ஜிப், 2,914 பைட். ஆறுமே சுருக்கப்படாமல் அப்படியே வைக்கப்பட்டவை. ஆறிலும் 'பூட்டியது' என்ற குறி.

பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை: ஜிப்புக்குள் ஒவ்வொன்றும் பிடிக்கும் இடம். லோகோ 48,223. குட்டிக் கோப்புகள் 16, 16, 16. ஸ்டேட்மென்ட் 2,926. எல்லாவற்றிலும் சரியாக 12 கூடியிருக்கிறது. பழைய ஜிப் பூட்டு, அதாவது ஜிப்கிரிப்டோ, ஒவ்வொரு கோப்பின் தரவுக்கு முன்னாலும் 12 பைட்டில் ஒரு முன்னொட்டைச் சேர்க்கும்; அந்தப் பன்னிரண்டுதான் இது. வழக்கமாகத் தரவும் சுருக்கப்பட்டிருக்கும், அப்போது இந்தப் பன்னிரண்டு கண்ணில் படாது. இங்கே சுருக்காமல் வைத்ததால் பளிச்சென்று தெரிந்தது.

ரீட்மீ மட்டும் 143, 143.

"பூட்டியிருந்தால் 155 ஆகியிருக்க வேண்டும் அக்கா," என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்தோம். ரீட்மீயின் முன்னால் இருக்கும் சிறு ஹெட்டரில் ஏழாவது பைட்தான் குறிகளுக்கானது, அங்கே 0. பூட்டே இல்லை. மையப் பட்டியலில் அதே கோப்புக்கான பதிவில் ஒன்பதாவது பைட், அங்கே 1. புதிரைச் செய்தவர் பட்டியலில் மட்டும் ஒரு எண்ணை மாற்றி, பூட்டாத கதவில் பூட்டின் படத்தை ஒட்டியிருக்கிறார். கருவிகள் பட்டியலை நம்பிக் கடவுச்சொல் கேட்டன. கருவியை நம்பி ஐந்து மணி நேரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றும் முன் ஒரு கூட்டல் கணக்கு போட்டோம். இதை எந்தச் சந்தேகக் கோப்புக்கும் செய்யலாம். ஆறு சிறு ஹெட்டர், தலைக்கு 30: மொத்தம் 180. பெயர்களின் எழுத்துகள் 46. தரவு 51,340. மையப் பட்டியல் ஆறு பதிவு, தலைக்கு 46: மொத்தம் 276, பெயர்கள் மறுபடி 46. முடிவுக் குறிப்பு 22. கூட்டினால் 51,910. கோப்பின் அளவும் 51,910. ஒரு பைட் மிச்சமில்லை, ஒரு பைட் குறைவில்லை. ஜிப்புக்கு முன்னால் படம் ஒட்டுவது, நடுவில் இடைவெளி விட்டு எதையாவது சொருகுவது, கடைசிக் குறிப்புரையில் எழுதிவைப்பது போன்ற வேலை எதுவும் இங்கே நடக்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. காலையில் இதை நான் செய்திருக்க வேண்டும்.

மையப் பட்டியல் 51,566இல் தொடங்குகிறது. அதிலிருந்து எட்டு தள்ளி, 51,574இல் இருந்த 1ஐ 0 ஆக்கிச் சேமித்தோம். ரீட்மீ திறந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. சாரம் இது: கடவுச்சொல் 24 எழுத்து, இயந்திரம் தேர்ந்தது, எந்தப் பட்டியலிலும் கிடைக்காது, ஊகிக்காதே.

ஓடிக்கொண்டிருந்த கருவியை நிறுத்தினேன்.

நான்கு பைட்டுக்கு ரகசியம் இல்லை

குட்டிக் கோப்புகளை அவளே முடித்தாள், அதுவும் பூட்டைத் தொடாமலேயே. ஜிப் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண் இருக்கும். அது பூட்டாத மூலத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டு, பட்டியலில் வெளிப்படையாக எழுதப்படுகிறது. 32 பிட் எண், அதாவது 4 பைட். கோப்பும் 4 பைட் என்றால் ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் தனித்தனி எண். இரண்டு வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எண் வரவே வராது. ஆகவே எண்ணைச் சொன்னால் உள்ளடக்கத்தைச் சொன்னதாகவே ஆகிவிடும்.

அச்சிடக்கூடிய ஆங்கிலக் குறிகள் 95. நான்கு இடத்துக்கு 95ஐ நான்கு முறை பெருக்கினால் 8 கோடியே 14 லட்சத்து 50 ஆயிரத்து 625. அவள் எழுதிய குட்டி நிரல் அத்தனையையும் சோதித்து முடிக்கச் சில விநாடிதான் ஆனது. ஐந்து எழுத்தாக இருந்தால் சராசரியாக இரண்டு விடைகள் வந்திருக்கும், ஆறு எழுத்தானால் நூற்றைம்பதுக்கும் மேல். நான்கில் ஒரே விடை. மூன்று கோப்பையும் சேர்த்து வாசித்தால் பன்னிரண்டு குறிகள்: "லுக்_அட்_நேம்". பெயரைப் பார்.

எந்தப் பெயரை? அப்போது புரியவில்லை. நோட்டின் ஓரத்தில் எழுதிக் கட்டம் போட்டுவைத்தோம்.

பதினாறு பைட் போதும்

மிச்சமிருந்தது ஸ்டேட்மென்ட்.ஜிப். அதற்கு உண்மையான பூட்டைத்தான் உடைக்க வேண்டும். ஆனால் 24 எழுத்துக் கடவுச்சொல்லைத் தேட வேண்டிய தேவையே இல்லை. பழைய ஜிப் பூட்டின் பலவீனம் கடவுச்சொல்லின் நீளத்தைப் பொறுத்ததன்று.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். உள்ளே மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட். தொடக்கத்தில் அவற்றின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: ஹெக்ஸ் (பதினாறடிமான) முறையில் 12345678, 23456789, 34567890. கடவுச்சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் உள்ளே போகும்போது இந்த மூன்றும் கலக்கப்படும். எழுத்துகள் தீர்ந்ததும் மூன்று எண்களும் ஒரு நிலையில் நிற்கும். அந்த நிலைதான் உண்மையான சாவி. கடவுச்சொல் ஐந்து எழுத்தோ ஐந்நூறு எழுத்தோ, கடைசியில் நிற்பது 96 பிட் மட்டுமே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியிலும் மூன்றாவது எண்ணிலிருந்து ஒரு பைட் பிறக்கும். அதை மூலத் தரவின் ஒரு பைட்டோடு எக்ஸ்ஆர் செய்தால், அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டு ஒன்றுபோலிருந்தால் 0, வேறானால் 1 என்று எழுதினால், கிடைப்பது பூட்டிய பைட். எக்ஸ்ஆரின் குணம், மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது தெரிந்துவிடும். பூட்டிய பைட் எங்களிடம் இருக்கிறது. மூலப் பைட்டும் தெரிந்துவிட்டால், பூட்டின் வயிற்றிலிருந்து பிறந்த பைட் கைக்கு வந்துவிடும்.

மூலம் எப்படித் தெரியும்? இங்கேதான் லோகோ கைகொடுத்தது. பிஎன்ஜி படம் எதுவானாலும் அதன் முதல் 16 பைட் மாறாது: 137, 80, 78, 71, 13, 10, 26, 10, பிறகு 0, 0, 0, 13, பிறகு 73, 72, 68, 82. முதல் எட்டு பிஎன்ஜியின் கையெழுத்து. அடுத்த நான்கு முதல் பகுதியின் நீளம். கடைசி நான்கு அந்தப் பகுதியின் பெயர். படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே இந்தப் பதினாறையும் எழுதிவிடலாம். படம் சுருக்கப்பட்டிருந்தால் இந்த வழி நடந்திருக்காது. சுருக்கியதும் முதல் பைட்டுகளே வேறாகிவிடும். பிஎன்ஜி ஏற்கெனவே தனக்குள் சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் அதை மேலும் சுருக்கிப் பெரிய பயனில்லை, அப்படியே வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

ஒரு பைட்டை மட்டும் கையால் செய்து பார்த்தோம். லோகோவின் தரவில் 12 பைட் முன்னொட்டைத் தாண்டினால் வரும் பதின்மூன்றாவது பைட் 214. மூலம் 137 என்று தெரியும். 214ஐ இரும எண்ணில் எழுதினால் 11010110; 137 என்பது 10001001. ஒன்றின் கீழ் ஒன்று வைத்து, ஒரே இலக்கமாக இருந்தால் 0, வேறானால் 1 என்று எழுதினால் 01011111, அதாவது 95. அந்தத் தருணத்தில் பூட்டின் வயிற்றிலிருந்து வந்த பைட் 95. தாளில் அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சி எனக்கு மறக்காது. பூட்டு என்பது மந்திரமில்லை, எண்தான் என்று ஒருவர் கண்டுகொள்ளும் கணம் அது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கணம் வாய்த்தது. இந்தத் துறையில் நான் தங்கிவிட்டதே அதனால்தான்.

இதற்குப் பிறகு வரும் கணிதத்தை 1994இல் எலி பிஹாமும் பால் கோச்சரும் எழுதிவைத்துவிட்டார்கள். பிறந்த பைட் ஒன்றைப் பார்த்தால், மூன்றாவது எண்ணில் அதைத் தீர்மானிக்கும் பிட்டுகளுக்கு 64 சாத்தியங்கள்தான் உண்டு. மேல் பாதியின் 16 பிட்டுகளையும் சேர்த்தால் மொத்தம் 41 லட்சத்து 94 ஆயிரத்து 304. இன்றைய மடிக்கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அடுத்தடுத்த பைட்டுகள் அந்தக் கூட்டத்திலிருந்து பொருந்தாதவற்றைக் கழிக்கும். மூன்றாவது எண் கிடைத்தால் அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து முதலாவது. மிச்சமுள்ள பைட்டுகளைக் கொண்டு விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதைச் செய்யும் பிகேகிராக் என்ற கட்டற்ற கருவிக்குக் குறைந்தது 12 தெரிந்த பைட்டுகள் தேவை, அவற்றில் குறைந்தது எட்டு பைட்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். எங்களிடம் பதினாறும் தொடர்ச்சி. ஒன்பது நிமிடம் ஓடியது. மூன்று எண்கள் வந்தன.

அந்த மூன்று எண்களும் கடவுச்சொல்லை உள்வாங்கி முடித்த நிலையைக் குறிப்பவை. ஒரே கடவுச்சொல்லால் பூட்டிய கோப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தொடக்க நிலை ஒன்றே. ஆகவே லோகோவில் கிடைத்த சாவி ஸ்டேட்மென்ட்டையும் திறந்தது. கடவுச்சொல் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

இந்த ஓட்டை 30 ஆண்டுப் பழையது. ஏஇஎஸ் என்ற வலுவான முறையிலான பூட்டு ஜிப்புக்கு 2003லேயே வந்துவிட்டது. பிறகு வந்த அதன் திருத்திய வடிவம், குட்டிக் கோப்புகள் கசியும் என்ற காரணத்தாலேயே சிஆர்சி எண்ணையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிப் கட்டளையில் கடவுச்சொல் போட்டால் கிடைப்பது பழைய பூட்டுதான். 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் நாமாக மாற்றாதவரை முதலில் நிற்பதும் அதுவே. சம்பளப் பட்டியலையும் மருத்துவ அறிக்கையையும் இந்தப் பூட்டில் வைத்து அனுப்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அந்த ஜிப்பில் நிறுவனத்தின் லோகோ ஒன்று சுருக்காமல் கிடந்தால் போதும்.

பதினான்காவது எழுத்து

உள்ளிருந்து வந்த ஸ்டேட்மென்ட்.ஜிப்பைத் திறக்கப் போன என் கையை அவள் தடுத்தாள். "முதலில் பட்டியல் அக்கா." அன்று மாலை அவள்தான் ஆசிரியை.

இரண்டே பதிவுகள். முதலாவது ஸ்டேட்மென்ட்.பிடிஎஃப். இரண்டாவது, அதே பெயருள்ள ஒரு அடைவுக்குள் (ஃபோல்டர்) ஒரு சிஎம்டி கோப்பு. சிஎம்டி என்பது விண்டோஸ் கட்டளைத் தொகுப்பு, இயங்கக்கூடியது. கோப்புக்கும் அடைவுக்கும் ஒரே பெயர் என்பதே விசித்திரம். விண்டோஸில் ஓரிடத்தில் அப்படி இரண்டு இருக்க முடியாது.

பிறகு எண்ணிப் பார்த்தோம். ஹெட்டரில் பெயரின் நீளத்துக்கு என்று ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்டேட்மென்ட் ஒன்பது எழுத்து, ஒரு புள்ளி, பிடிஎஃப் மூன்று, மொத்தம் 13. ஹெட்டர் சொன்னது 14. இரண்டாவது பதிவின் பெயர் கண்ணுக்கு 31 எழுத்து, ஹெட்டர் சொன்னது 33. ஹெக்ஸ் எடிட்டரில் பெயரின் கடைசி பைட்டைப் பார்த்தோம்: 32. இடைவெளியின் எண் அது. பெயரின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தது. பெயரைப் பார் என்று சொன்னது இதைத்தான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, சுருக்கக் கோப்புகளைத் திறக்கும் வின்ரார் மென்பொருளில் 2023இல் வெளியான ஓட்டை; ஓட்டைகளுக்கான பொதுப் பதிவேட்டில் அதன் எண் சிவிஇ-2023-38831. அதைக் கண்டுபிடித்தவர்கள் குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள். பங்கு, கிரிப்டோ வர்த்தகர்கள் கூடும் மன்றங்களில் "என் வர்த்தக உத்தி" என்பதுபோன்ற பெயர்களில் சுருக்கக் கோப்புகள் பகிரப்பட்டன. ஏப்ரல் 2023 முதலே இது நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் அறிக்கை வந்தபோது குறைந்தது 130 வர்த்தகர்களின் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. அதே மாதம் வந்த வின்ரார் 6.23 ஓட்டையை அடைத்தது. ஆனால் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பயனர்தான் பதிவிறக்கி நிறுவ வேண்டும். அக்டோபரில் கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு, அரசுகளின் ஆதரவுள்ள குழுக்கள் இதே ஓட்டையை இன்னும் பயன்படுத்திவருவதாக எழுதியது.

இயங்கும் விதம் இதுதான். வின்ரார் சாளரத்தில் பயனர் பிடிஎஃப்பை இரட்டைச் சொடுக்கு செய்கிறார். அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்தில் பிரித்து வைக்க வேண்டிய வின்ரார், பெயர் ஒப்பீட்டில் தவறி, அதே பெயருள்ள அடைவில் இருப்பதையும் சேர்த்துப் பிரித்துவிடுகிறது. பிறகு "இதைத் திற" என்று விண்டோஸிடம் பெயரைக் கொடுக்கிறது. பெயரின் முடிவில் இடைவெளி இருப்பதால் விண்டோஸுக்கு அதன் பின்னொட்டு (புள்ளிக்குப் பின் வரும் கோப்பு வகைக் குறி) புரிவதில்லை. பின்னொட்டே இல்லாத பெயராக எண்ணி, பிஐஎஃப், காம், இஎக்ஸ்இ, பேட், எல்என்கே, சிஎம்டி என்று வரிசையாக ஒட்டிப் பார்க்கிறது. ஸ்டேட்மென்ட்.பிடிஎஃப், ஓர் இடைவெளி, பிறகு சிஎம்டி என்ற பெயரில் கோப்பு ஒன்று அங்கே தயாராகக் காத்திருக்கிறது. அதை இயக்கிவிடுகிறது.

ஆறு மாதப் பயிற்சி பெற்ற ஊழியரும் இதில் விழுந்திருப்பார். "இயங்கு கோப்பைச் சொடுக்காதீர்கள்" என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் சொடுக்கியதோ பிடிஎஃப்பை. புதிரில் வந்த கணக்குப் பிரிவு ஊழியர் ஒரு தவறும் செய்யவில்லை. போட்டிக்குத் தந்த அறிக்கையில் இந்த வரியைத் தனியாக எழுதினேன்.

சிஎம்டி கோப்பை உரையாகத்தான் படித்தோம்; இயக்கவில்லை. 902 பைட். முதல் வேலை, உண்மையான பிடிஎஃப்பைத் திறந்து காட்டுவது, பயனருக்குச் சந்தேகம் வராமலிருக்க. அடுத்தது, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை மறைவில் அழைத்து வெளி முகவரி ஒன்றைத் தொடர்புகொள்வது. புதிரில் அந்த முகவரி எங்கும் போகாத வெற்று முகவரி. நடுவில், குறிப்புரைபோல ஒரு வரியில், அடிப்படை-64 முறையில் (எந்தத் தரவையும் 64 குறிகளால் எழுதும் முறை) எழுதிய நீண்ட எழுத்துக் கோவை. அதை மாற்றிப் படித்தால் கொடி. ஐந்தரை மணிக்குச் சமர்ப்பித்தோம்.

போட்டி முடிந்த மறுநாள் ஒன்றைச் செய்து பார்த்தோம். வலை துண்டித்த விண்டோஸ் மெய்நிகர் கணினியில் வின்ரார் 6.22ஐ நிறுவினோம். சிஎம்டியின் உள்ளடக்கத்தை அழித்து, கால்குலேட்டரைத் திறக்கும் ஒரே வரியை எழுதி, ஜிப்பை மறுபடி கட்டினோம். சாளரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள், ஒரே பெயர், ஒன்றில் அடைவின் படம், மற்றதில் பிடிஎஃப்பின் படம். திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தும் அந்த இடைவெளி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பிடிஎஃப்பை இரட்டைச் சொடுக்கு செய்தாள். கால்குலேட்டர் வந்து நின்றது. 6.23ஐ நிறுவிவிட்டு அதே கோப்பை அதே இடத்தில் சொடுக்கினாள். பிடிஎஃப் திறந்தது.